முட்டைத்தலை வேண்டாம் என்கிறது

1

இந்தக் கதை எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட அன்று பிறந்தது. வேறு பெரிய காரணம் ஏதாவது சொல்லலாமா என்றுதான் பார்த்தேன். எழுத்தாளன் என்றால் கதை எங்கிருந்தோ இறங்கி வந்தது என்று சொல்ல வேண்டுமாம். ஒன்றும் இறங்கவில்லை. தலையணை சரியில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்தால் கழுத்து திரும்பமாட்டேன் என்றது. நேராக மட்டுமே பார்க்க முடிந்ததால் கணினித் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அங்கே யாரோ ஒருவர், ஒரு பொம்மையின் தலையைக் கணினியில் திருப்புவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்ப முடியாதவனுக்குத் தலை திருப்பும் பாடம்! வயிற்றெரிச்சலோடு நாற்பது நிமிடம் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி எதிரே வந்து நின்று ஏதோ கேட்டாள். வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். உயிரே போய்விட்டது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து "சரி" என்றேன்.

"அட, பேச்சு வருதே!" என்றாள்.

பிறகு, எதற்குச் சரி சொன்னேன் என்று கேட்டாள். தெரியவில்லை. மாட்டிக்கொண்டேன். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

(பகுதி எண்கள் தாவித் தாவிப் போகும். அச்சுக்கோத்தவரைத் திட்ட வேண்டாம். காரணம் 24இல் வருகிறது.)

9

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்—"

[வேண்டாம். போன கதையில் விரித்த குடையே இன்னும் காயவில்லை. வெயிலே அடிக்கட்டும்.]

"கழுத்து என்பது தலையையும் உடலையும் இணைக்கின்ற ஒரு முக்கியமான—"

[சீ. பள்ளிக்கூடப் பாடம்.]

"பதினான்கு வருடங்களாக அவள், தான் ஓட்டாத வண்டிக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள்."

இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம். டிரைவிங் ஸ்கூல் கார்களில், கற்றுக்கொடுப்பவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கையில்தான் அவள் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் அவளுடைய அண்ணனுடையது. ஊரில் பாதிப் பேர் அவளிடம் ஓட்டக் கற்றவர்கள். அத்தனை பேருக்கும் அவள் "மேடம்". எனக்கு மட்டும் அவள். என் கதைதானே, அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

மாணவர்களின் தலையைப் பார்த்தே அவள் ஆளை எடைபோட்டுவிடுவாள். கண்ணாடியைப் பார் என்றால் சிலர் பார்ப்பார்கள். சிலர் பார்த்த மாதிரி தலையை மட்டும் திருப்புவார்கள், கண் ரோட்டிலேயே இருக்கும். "கண்ணு முதல்ல போகணும், தலை அப்புறம் வரணும்! யாரை ஏமாத்த இந்த ஆட்டு ஆட்டுற?" என்று அவள் போடும் சத்தம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரருக்கும் கேட்கும். அவரும் பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்ப்பார்.

வண்டிக்குள் அப்படி. இறங்கிவிட்டால் வேறு ஆள். வீட்டில் யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவாள். அண்ணன் கேட்டால், அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஆட்டிவிடுவாள்.

அதில்தான் ஒருநாள் வகையாக மாட்டிக்கொண்டாள். ஸ்கூலில் மூன்று கார்கள். அதில் ஒன்றில் அவள் உட்காரும் இருக்கையின் ஹெட்ரெஸ்ட், அதாவது தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் திண்டு, புது உறை தைக்கப் போயிருந்தது. மற்ற இரண்டு கார்களும் வெளியே. "ஒரே ஒரு கிளாஸ்தானே, போயிட்டு வந்துடுறியாமா?" என்றார் அண்ணன். திண்டு இல்லாத இருக்கையை அவள் பார்த்தாள். வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் தலை ஆடிவிட்டது. பத்தாவது நிமிடம் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து இடித்தது. பெரிய இடி இல்லை. ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கீறல்கூட இல்லை, அவருடைய தலைக்குப் பின்னால் திண்டு இருந்தது. அவளுடைய தலை பின்னால் போய் முன்னால் வந்தது. டாக்டர் கழுத்துக்குப் பட்டை போட்டு, ஆறு வாரம் ஆட்டக் கூடாது, அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

24

ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம். அதனால்தான் இந்தப் பகுதிக்கு இந்த எண்; மற்ற எண்களும் படக் கணக்குதான், நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டேன். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம் என்று தலையாட்ட முடியாது. இல்லை என்றும் ஆட்ட முடியாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, வலி பரவாயில்லையா, தலை வாரிவிடட்டுமா (இது அண்ணி), டிவி சத்தத்தைக் கூட்டட்டுமா (இது அண்ணன்) என்று எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடம் சத்தமில்லாமல் போன "சரி"யெல்லாம் இப்போது அவள் காதிலேயே விழுந்தது. பொழுதுபோகாமல் ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். காலையிலிருந்து மாலைக்குள் முப்பத்தேழு. அதில் மனதாரச் சொன்னது ஐந்தோ ஆறோ இருக்கும். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

இரண்டாவது வாரம் "நாலு" பார்க்க வந்தாள். நாலு என்பது தன் பழைய மாணவிக்கு அவள் வைத்த பெயர். மூன்று தடவை டெஸ்டில் கோட்டைவிட்டு நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கியவள். குழந்தைகளுக்கான கார்ட்டூன் செய்கிற ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். ஐந்து பேர், ஆறு நாற்காலி.

"மேடம், சும்மா உக்காந்து சுவத்தப் பாக்குறதுக்கு இதப் பாருங்களேன்" என்று லேப்டாப்பைத் திறந்துவைத்தாள்.

திரையில் ஒரு முட்டை. அதில் இரண்டு கண், இரண்டு இமை, கீழே ஒரு கழுத்து. வாய் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பொம்மை. பெயர் முட்டைத்தலை.

"செகண்டுக்கு இருபத்து நாலு படம். எல்லாத்தையும் நீங்க வைக்க வேணாம். முக்கியமான நிலை மட்டும் வைங்க, அதான் கீஃப்ரேம். நடுவுல இருக்கறத கம்ப்யூட்டரே போட்டுக்கும்."

நாலு சொன்னபடி அவள் முதல் படத்தில் தலையை இடது பக்கம் வைத்தாள். பன்னிரண்டாவது படத்தில் வலது பக்கம். ஓடவிட்டாள்.

"என்னடி இது, டேபிள் ஃபேன் மாதிரி சுத்துது?"

"அதுக்கு என்ன மேடம் தெரியும்? இங்கேருந்து அங்க போன்னா, அது பாட்டுக்குப் போகும். மனுஷன் அப்படியா திரும்புறான்?"

பதினான்கு வருடத்துத் தலைகள் எல்லாம் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. பிறகு கண்களை மட்டும் மூன்று படம் முன்னாடியே திருப்பிவைத்தாள். தலை பாதி வழியில் இருக்கும்போது தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அங்கேயே ஒரு சிமிட்டல் வைத்தாள். போய்ச் சேர வேண்டிய இடத்தைத் துளி தாண்டவிட்டுத் திரும்ப இழுத்து நிறுத்தினாள். ஓடவிட்டாள்.

முட்டைத்தலை திரும்பிப் பார்த்தது. நிஜமாகவே எதையோ பார்த்தது.

நாலு எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், இது புரியறதுக்கு எங்க ஆளுங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு."

"இதத்தானே உங்கிட்ட ஒரு வருஷமா கத்துனேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரித்தால் கழுத்து வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் பாடம். மூன்றாவது வாரம் நாலு விஷயத்துக்கு வந்தாள். "ஆறாவது நாற்காலி காலியா இருக்கு மேடம். ஒரே ஒரு டெஸ்ட். யாரோ முட்டைத்தலைகிட்ட 'வர்றியா?'ன்னு கேக்குறாங்க. அது 'வேண்டாம்'னு தலையாட்டணும். மூணு செகண்ட். நான் நம்பணும். நம்பிட்டேன்னா, பட்டை கழட்டினதும் வர்ற திங்கட்கிழமை அந்த நாற்காலி உங்களுக்கு." இதற்கு அவள் "சரி" என்றாள், மனதார.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்து, "பட்டை கழட்டினதும் திங்கட்கிழமை வந்துடுற இல்ல? மேடம் எப்ப வருவாங்கன்னு கேட்டு எல்லாரும் என் உயிர எடுக்குறாங்கம்மா" என்றார்.

"சரிண்ணா."

வந்துவிட்டது வாயில். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அவளுக்கு அந்த இருக்கை வேண்டாம். பயம். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டாலே, சோபாவில் இருப்பவளுடைய கால் தரையை மிதிக்கிறது. பயம் பாதி என்றால், திரையில் ஒரு முட்டைக்கு உயிர் வந்த அந்த மத்தியானம் மீதி. இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே திங்கட்கிழமையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

25

இந்த இடத்தில் அண்ணனை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். வேலை சுலபம். ஒரு மீசை, கொஞ்சம் அதட்டல், "பொம்பளைக்கு எதுக்கு கம்ப்யூட்டரு" என்று ஒரு வசனம். வசனத்தை எழுதியும்விட்டேன். மனைவி படித்தாள். (என் கதைகளின் முதல் வாசகி அவள். பல சமயம் கடைசி வாசகியும்.)

"இந்தாளு அப்படியெல்லாம் பேசமாட்டாரு" என்றாள்.

"நான் உண்டாக்குன ஆளு. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு அண்ணன் கிடையாதுல்ல, அதான் தெரியல. கெட்டவன்னா யாரு வேணாலும் மாட்டேன்னுடலாம். அவரு நல்லவரு. அதான் அவளுக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. வசனத்தை அடித்தேன். மீசையையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதைப் போட்டேன்: குனிந்து தண்ணீர் குடிக்க முடியாத தங்கைக்காக அண்ணன் ஒரு டஜன் உறிஞ்சுகுழல் வாங்கி வந்தார். எந்த நீளம் சரியாக இருக்கும் என்று தெரியாமல் நாலு அளவில் வாங்கியிருந்தார்.

இதை எழுதின பிறகு அவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை. கதையும் சிக்கலாகிப்போனது.

57

முதல் "வேண்டாம்". முட்டைத்தலை இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, மறுபடி இடது. கண் முதலில், தலை பிறகு, சிமிட்டல் சரியான இடத்தில். எல்லாம் சுத்தம். நாலு பார்த்தாள்.

"மேடம், இது வேண்டாம்னு சொல்லல. ரோட்டைக் கிராஸ் பண்ணப் பாக்குது."

உண்மைதான். இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று அவ்வளவு ஒழுங்காகப் பார்த்தது. லைசென்ஸே கொடுக்கலாம்.

இரண்டாவது "வேண்டாம்". கண்ணை அலையவிடாமல் கீழே தாழ்த்தினாள். தலையை மெதுவாக ஆட்டினாள். இரண்டு நாள் வேலை.

நாலு பார்த்துவிட்டுத் தயங்கினாள். "இது... மன்னிப்பு கேக்குது மேடம்."

மூன்றாவது, நாலாவது, ஏழாவது. ஒன்று கெஞ்சியது. ஒன்றுக்குக் காதில் தண்ணீர் போய்விட்டது போலிருந்தது. ஒன்றைப் பார்த்தால் "ரொம்ப வற்புறுத்தினா வர்றேன்" என்று சொல்வது போலிருந்தது.

"நீங்களே பண்ணிப் பாத்து வீடியோ எடுத்துக்கங்க மேடம். நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்" என்றாள் நாலு. சொன்ன பிறகு பட்டையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பட்டை இல்லாவிட்டாலும் பயன் இருந்திருக்காது. கண்ணாடி முன் நின்று யோசித்துப் பார்த்தாள். பெரியவர்களிடம் வேண்டாம் என்று தலையாட்டிய ஒரு நாளும் அவளுக்கு நினைவு வரவில்லை. தெரியாத ஒன்றை ஒரு முட்டைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

72

"அண்ணா, ஒரு உதவி பண்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். அண்ணன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வீடியோ எடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, நாலு கொடுத்த பாடம் என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை.

"நான் ஒண்ணு கேப்பேன். நீங்க பேசாம, வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டணும்."

"அவ்வளவுதானா? கேளு."

"உங்க வாட்சை எடுத்துக்கட்டுமா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே ஆட்டினார். நாடகம். இன்னொரு தடவை கேட்டாள். இன்னும் பெரிய நாடகம்.

"நிஜமா சொல்லுங்கண்ணா."

"நிஜமா எப்படிம்மா வரும்? நீ கேட்டு நான் எப்ப மாட்டேன்னேன்? நீதான் எதையும் கேக்கறதே இல்லையே."

[இங்கே என் திட்டப்படி அவள் மூன்றாவது தடவையும் வாட்சைத்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பேனா என் கையில் இருந்தது, ஆனால் கேள்வி அவளுடையது.]

ஃபோனைத் தாழ்த்தாமல் அவள் கேட்டாள்: "அண்ணா, இந்த வண்டியில திண்டு இல்ல. ஒரே ஒரு கிளாஸ். போயிட்டு வரட்டுமா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. அவர் அவளையே பார்த்தார். தலை மெதுவாக ஒரு பக்கம் போனது. திரும்பி மறுபக்கம் வந்தது. பிறகு கொஞ்சமாக, இன்னும் கொஞ்சமாக. கண் மட்டும் அவளை விட்டு நகரவே இல்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"தையக்காரர் நாலு நாள் ஆகும்னாருமா" என்றார். "நான்தான் அத்தனை நாள் வண்டிய நிறுத்த மனசில்லாம, திண்ட மட்டும் கழட்டிக் கொடுத்துட்டு..."

"போதும்ணா. நல்லா வந்திருக்கு" என்றாள். வீடியோவை நிறுத்தினாள்.

அந்த மூன்று நொடியை அவள் ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அப்போதுதான் பிடிபட்டது. தலை இடது பக்கம் போகும்போது கருவிழி வலது பக்கம் போகிறது. தலை வலது பக்கம் வந்தால் விழி இடது பக்கம். தலைதான் ஆடுகிறது, பார்வை எதிராளி மேலேயே இருக்கிறது. ரோட்டைப் பார்க்கிறவனுக்குக் கண் முதலில் போகும். வேண்டாம் என்கிறவனுக்குக் கண் போகவே போகாது.*

(*சந்தேகமிருந்தால் செய்து பாருங்கள். கழுத்து நன்றாக இருந்தால் மட்டும். நான் செய்து பார்த்துவிட்டு இரண்டு நாள் அவதிப்பட்டேன்.)

96

சனிக்கிழமை பட்டையைக் கழற்றினார்கள். அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போய் முட்டைத்தலையை ஓடவிட்டாள். நாலு பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, திரையைப் பார்த்து, "சரிப்பா, வேணாம்னா விடு. நான் வற்புறுத்தல" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் பேசினோம் என்று அவளுக்கு உறைத்தது.

ஆறாவது நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார். "மூணு வண்டிக்கும் புதுத் திண்டு போட்டாச்சும்மா. நானே உக்காந்து உக்காந்து பாத்துட்டேன்" என்றார். "நாளைக்கு வந்துடுற இல்ல?"

இதற்கு நான் எழுதிவைத்திருந்த முடிவுகள்:

அ. அவள் தலையாட்டுகிறாள். ஆறு வாரத்துக்குப் பிறகு ஆடுகிற முதல் ஆட்டம். திங்கட்கிழமை அதே இருக்கை, அதே பிரேக். சோகம். இலக்கியப் பத்திரிகைகள் விரும்பும். [மனைவி: "படிச்சதும் உங்கள அறையணும்போல இருக்கு."]

ஆ. அவள் பொரிந்து தள்ளுகிறாள். பதினான்கு வருடத்துக் கணக்கையும் ஒரே மூச்சில். அண்ணன் கூனிக் குறுகி— [அடித்தாயிற்று. நாலு அளவில் உறிஞ்சுகுழல் வாங்கியவரை அப்படிக் குறுக்க எனக்கு மனம் வரவில்லை.]

இ. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே புரிந்துகொண்டு, "நீ போம்மா, உனக்குப் பிடிச்சதச் செய்" என்கிறார். கண்ணீர், அணைப்பு. [இதைத்தான் நானும் விரும்பினேன். ஆனால் அவளுக்காக வேறொருவர் சொல்லிவிட்டால், ஆறு வாரம் எதற்குப் பட்டை போட்டுக்கொண்டாள்?]

மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

120

அவள் லேப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

முட்டைத்தலை அவரைப் பார்த்தது. மெதுவாகத் தலையை ஆட்டியது. கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து கிட்டத்தில் பார்த்தார். "இது என் தலையாட்டம்தானே?"

"ஆமாண்ணா. உங்ககிட்டேருந்துதான் எடுத்தேன்."

"என்ன கேட்டதுக்கு வேண்டாங்குது?"

"நாளைக்கு வர்றியான்னு கேட்டதுக்கு."

அண்ணன் திரையிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுடைய கழுத்து ஆறு வாரத்தில் மரத்துப்போயிருந்தது, ஆட்ட நினைத்தாலும் ஆடாது. அதனால் வாயால் சொன்னாள்.

"நான் வரலண்ணா. எனக்கு அந்த சீட்டுல உக்கார பயமா இருக்கு. புதுத் திண்டு போட்டாலும் பயமாத்தான் இருக்கு. அப்புறம் இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க மேல கோவம் எதுவும் இல்ல. ஆனா வரல."

சொல்லும்போது அவள் கண் நகரவில்லை.

இனி அண்ணனுடைய முறை. அவர் என்ன செய்தார் என்று மூன்று வரி எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, என் பேனாவையே எடுத்து மூன்றையும் அடித்துவிட்டாள். "அவ சொல்லிட்டு நிக்கறா. நீங்க எதுக்கு நடுவுல?" என்றாள். அதுவும் சரிதான். இதைத் தலையாட்டாமல் வாயால்தான் சொன்னேன்.

எனவே என் கையிலிருப்பதை அப்படியே உங்களிடம் தருகிறேன். அண்ணனின் கண்கள் கிளம்பிவிட்டன. அவளிடமிருந்து திரைக்கு, திரையிலிருந்து மேசைமேல் கிடக்கும் கழுத்துப் பட்டைக்கு. தலை இன்னும் அவள் பக்கமே இருக்கிறது. அடுத்த கீஃப்ரேமை நீங்கள்தான் வைக்க வேண்டும். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, உங்கள் இஷ்டம். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், டேபிள் ஃபேன் மாதிரி திரும்பிவிடும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நடுவில் ஒரு சிமிட்டல் வையுங்கள், அந்தக் கண்ணில் கட்டியிருக்கும் நீர் கீழே இறங்கட்டும்.

அவசரம் ஒன்றும் இல்லை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.